லிட்டரில் வாங்கு, கேலனில் கணக்குப் போடு

பிரிட்டனில் பெட்ரோலை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். சாலைப் பலகைகள் தூரத்தை மைலில் சொல்கின்றன. காரின் மைலேஜோ, கேலனுக்கு இத்தனை மைல்! பங்கில் போய் ஒரு கேலன் கேட்டால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

அந்தக் கேலனும் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர்தான். லண்டனில் 40 மைல் கொடுக்கும் கார், அட்லாண்டிக்கைத் தாண்டியதும் 33 மைலுக்கு இளைத்துவிடும். எஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஜெர்மானியர்கள் தலைகீழ். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று பார்ப்பார்கள். எண் குறைந்தால்தான் மதிப்பு. நூறை நம் மைலேஜால் வகுத்தால் அவர்கள் கணக்கு வந்துவிடும்: லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 5 லிட்டர்.

வெளிநாட்டுக் காரின் மைலேஜைக் கேட்டு வாயைப் பிளக்குமுன், எந்த ஊர்க் கேலன் என்று கேட்டுவிடுங்கள்.