ஆறு குண்டுகளின் காலம்

கொச்சிக்கடையில் எங்கள் வயதுப் பையன்கள் கைத்துப்பாக்கியை முதன்முதலாகக் கண்டது படமாளிகை இருட்டில்தான். ரோந்து வரும் பொலிஸ்காரரின் இடுப்பில் குண்டாந்தடி தொங்கும். துறைமுக வாசல் காவலாளியின் தோளில் பழைய நீளத் துவக்கு ஒன்று சாய்ந்திருக்கும், அது வெடிக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. மற்றபடி அந்தோனியார் கோவில் மணி, ஜிந்துப்பிட்டி முருகன் கோவில் மணி, கப்பல் சங்கு, செட்டியார் தெருவில் பொன் தட்டும் ஓசை என்று சத்தங்களால் நிறைந்திருந்த எங்கள் பகுதியில் துவக்கு வெடிக்கும் சத்தம் மட்டும் இல்லாமலிருந்தது. அதைக் கேட்பதற்காகவே சில்லறை சேர்த்துப் படத்துக்குப் போனோம் என்று சொன்னால் என்னோடு அந்நாளில் கலரியில் இருந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

செல்லமகால், கிங்ஸ்லி, கெயிட்டி, கப்பிட்டல் என்று பெயர்களைச் சொன்னாலே இப்போதும் மூக்கில் மூட்டைப்பூச்சி மருந்தும் பீடிப் புகையும் கலந்த அந்த வாசம் ஏறுகிறது. வெள்ளவத்தைக்காரர்களுக்குப் பிளாசாவும் சவோயும் இருந்தன. அங்கே உறவு வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சவோயில் ஓடும் ஆங்கிலப் படத்தின் விளம்பரப் பலகையில் ஜேம்ஸ் பாண்ட் மெல்லிய பிஸ்டலைத் தோளோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் எங்களுக்கு பாண்ட் என்றால் ஜெய்சங்கர். சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ்காரர்கள் 1966 இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தார்கள், 1970 இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ எடுத்தார்கள், கடல் தாண்டி, பிரதி தேய்ந்து, திரையில் மழை பெய்யும் நிலையில் அவை எங்களிடம் வந்து சேர்ந்தபோதும் அந்த மனிதரின் கையில் இருந்த ரிவோல்வர் மட்டும் பளபளத்தது. பிறகு கர்ணனின் ‘கங்கா’ வந்தது. குதிரையும் தொப்பியும் இடுப்பிலே துவக்குமாகத் தமிழ் பேசும் ஆட்கள் பாறைகளுக்கு நடுவே ஓடினார்கள். அது எந்த நாடு என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தப் படங்களில் துவக்கு எப்படி வரும் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். முதலில் அது வராது. நீண்ட நேரம் வராது. சிவப்பும் பச்சையுமாய் மின்விளக்குகள் எரியும் நிலவறையில் வில்லன் சுழல்நாற்காலியைத் திருப்பி, மேசை இழுப்பறையை மெல்லத் திறந்து, அதை எடுத்து நீட்டுவான். கதாநாயகன் கையை உயர்த்துவான். வில்லன் விசையை அழுத்துவான். குழாயின் நுனியில் சின்னஞ்சிறு தீ எரியும். வில்லன் அதில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சிரிப்பான். அது துவக்கு வடிவத்தில் செய்த லைட்டர் என்று தெரிந்ததும் கலரி முழுவதும் ஒரே மூச்சை வெளியே விட்ட சத்தம் கேட்கும். இன்னொரு படத்தில் அதே லைட்டர், அதே சிரிப்பு. மறுபடியும் அதே மூச்சு. உண்மையான துவக்கு வெளியே வரும்போது அது யாராவது ஒருவரின் கையிலிருந்து தட்டப்பட்டு, மெருகிட்ட தரையில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் நிற்கும். இரண்டு பேரும் அதை நோக்கித் தவழ்வார்கள். “எடு, எடு” என்று நாங்கள் கத்துவோம். அந்த நாலு கஜத் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்றைய படங்களில் ஒரு படையே அழிந்துவிடுகிறது.

ரிவோல்வரில் ஆறு குண்டுதான் என்று எங்களுக்கு யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் வெடி விழ விழ எண்ணுவோம். கலரியின் ஒரு பக்கத்தில் “ஒண்ணு” என்று ஒரு குரல் எழும், “ரெண்டு” என்பதில் பத்துக் குரல் சேரும், ஐந்து வரும்போது பால்கனியில் குடும்பத்தோடு இருப்பவர்கள்கூட எண்ணுகிறார்களோ என்று தோன்றும். ஆறு முடிந்ததும் வில்லனின் கையில் “கிளிக்” என்று வெறும் சத்தம் கேட்கவேண்டும். கேட்டால் கைதட்டல். ஏழாவது வெடி விழுந்தால் அந்தப் படத்தின் மரியாதை அங்கேயே போய்விடும். சீழ்க்கை அடித்தே டைரக்டரைத் தண்டிப்போம். பார்க்கிறவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்ற பயம் எடுக்கிறவனுக்கு இருந்த காலம் அது.

ஜூன் 13 அந்தோனியார் திருவிழா. கச்சான் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவே பாயை விரித்து விளையாட்டுச் சாமான் விற்பவர்களிடம் தகரத் துவக்கு இருக்கும். சிவப்புக் காகிதச் சுருளில் புள்ளி புள்ளியாய் மருந்து. சுருளை உள்ளே வைத்து மூடி, விசையை அழுத்தினால் ஒரு பொறி, ஒரு நூல் புகை, கந்தக வாசம். புகையை ஊதிவிடுவதுதான் முக்கியம். ஜெய்சங்கர் ஊதுவார், ஆகவே நாங்களும் ஊதினோம். சப்பரம் ஊர்வலமாய் வரும்போது எங்கள் வாசலில் பாதிப் பேர் கும்பிட்டுக்கொண்டும் மீதிப் பேர் தூணுக்குப் பின்னால் மறைந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டும் இருந்தோம். செத்தவன் பத்து எண்ணும்வரை தரையில் கிடக்கவேண்டும் என்பது சட்டம். யாரும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அப்படிப்பட்ட எங்களுக்கு 1967 ஜனவரி 12 ஒரு பெரிய குழப்பமாக வந்தது. எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டுவிட்டார் என்றார்கள். பெரியவர்கள் வீரகேசரியை விரித்துவைத்துச் சுற்றி நின்று படித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர்தான், 1965 இல், எம்.ஜி.ஆர் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்து போயிருந்தார். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் அவர் பாதி எங்கள் ஆள். திரையில் எத்தனையோ துப்பாக்கிகளைக் காலால் எத்திவிட்டவரின் கழுத்தில், தன் வீட்டு வரவேற்பறையில், கூட நடித்தவர் கையிலிருந்து குண்டு பாய்ந்தது. ‘பெற்றால்தான் பிள்ளையா’ அவர்கள் சேர்ந்து நடித்த கடைசிப் படமாயிற்று. பிழைத்து வந்தார், ஆனால் குரல் மாறிவிட்டது. பிறகு வந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த மாறிய குரலைக் கேட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். 1968 இல் ‘ரகசிய போலீஸ் 115’ வந்தபோது அதே மனிதர் சிரித்துக்கொண்டே பிஸ்டலைக் கையில் பிடித்திருந்தார். எனக்கு அந்தக் காட்சிகளில் அவருடைய கழுத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. ஒரு குண்டு ஒரு மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்பதை நான் அறிந்துகொண்டது அந்தக் குரலில்.

அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் 1959 செப்டெம்பரைப் பற்றிச் சொன்னார். ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் பிரதமர் பண்டாரநாயக்கா ரிவோல்வரால் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். பிக்கு ஒருவரின் காவியுடைக்குள் ரிவோல்வர் இருந்தது என்பதை அப்பாவின் தலைமுறையால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரேயொரு ரிவோல்வரைப் பற்றி ஒரு நாடு வருடக்கணக்காகக் கதைத்தது.

பிறகு எண்ணிக்கை தப்பியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஊரடங்கு வந்தது, இரவுக் காட்சி இல்லாமல் போனது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதோடு எத்தனையோ சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் சாம்பலாயின. அதை நடத்தியவர் கே. குணரத்தினம், சினிமாஸ் லிமிடெட் நிறுவனத்தின் வழியாக எங்கள் தலைமுறைக்குப் படம் காட்டியவர். 1989 இல் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்தைய வருடம், 1988 பெப்ரவரி 16 அன்று, நடிகர் விஜய குமாரதுங்க பொல்ஹேன்கொடயில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘நங்கூரம்’ என்ற தமிழ்ப் படத்திலும் நடித்தவர் என்பதால் எங்கள் வீதிப் பெண்களுக்கும் அவர் முகம் பழக்கம். திரையில் அவரை நோக்கி நீண்ட துப்பாக்கிகள் எல்லாம் நீண்ட நேரம் பேசின, அவருக்கு விலக நேரம் கொடுத்தன. வாசலில் வந்தவன் பேசவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் அக்கா, தன் மகன் திருவிழாவில் வாங்கிய தகரத் துவக்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, இருட்டிய பிறகு எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தாள். சோதனைச் சாவடியில் சிறுவனின் பையில் அதைக் கண்டால் என்ன ஆகும் என்று யாரும் பரீட்சித்துப் பார்க்கத் தயாரில்லை. பையன் அழுதான். அடுத்த திருவிழாக்களில் அந்தப் பாய்களில் பொம்மைக் கார்களும் ஊதுகுழல்களும் கூடின.

உண்மை வெடிச்சத்தத்தை நாங்கள் தெரிந்துகொண்டதும் அந்த வருடங்களில்தான். படத்தில் அது சுவர் சுவராய் எதிரொலிக்கும். வீதியில் அது காய்ந்த கொப்பு முறிவதுபோல ஒரு தரம் கேட்டு அடங்கிவிடும். பக்கத்து வீட்டில் யாராவது “டயர் வெடிச்சது” என்பார்கள், எல்லாரும் அதை நம்புவதாகக் காட்டிக்கொள்வோம். சுடப்பட்டவன் பின்னால் பறந்துபோய் விழுவதும் படத்தில் மட்டும்தான். ரிவோல்வரில் நீளமான சைலன்சரைத் திருகி வில்லன் சத்தமில்லாமல் சுடுவானே, அதுவும் ஆகாத காரியம்; சுழலும் உருளைக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள இடுக்கால் சத்தம் தப்பி வெளியே வந்துவிடும். இவையெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பழைய பொய்களின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. துவக்கின் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் எடுத்த படங்கள் அவை. ஆனாலும் ஒருவன் சுடப்பட்டால் படம் நிற்கும். அவன் தாயைக் கூப்பிடுவான், யாரோ அவன் தலையை மடியில் எடுத்து வைப்பார்கள், குறைந்தது ஐந்து நிமிடம் எல்லாரும் அழுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் அன்று பொறுமையிழந்து கடந்தோம். இன்று அதற்காக ஏங்குகிறேன்.

இப்போது படம் பார்க்கக் குளிரூட்டிய அரங்குக்குப் போகிறோம். நாற்காலி சாய்கிறது, மூட்டைப்பூச்சி இல்லை, குண்டு இடது காதுக்கு மேலே புறப்பட்டு வலது காதுக்குப் பின்னால் போய் விழுவது துல்லியமாகக் கேட்கிறது. என் பேரனுக்கு ஒவ்வொரு துப்பாக்கியின் பெயரும் தெரியும். எதில் எத்தனை தோட்டா, எதில் கடைசித் தோட்டா சுட்டதும் மேல்பாகம் பின்னால் வந்து நிற்கும் என்றெல்லாம் சொல்கிறான். ஆனால் அவன் எண்ணுவதில்லை, எண்ண முடியாது. 2019 இல் வந்த ‘கைதி’யின் உச்சக்கட்டத்தில் கார்த்தி சுழல்குழல் இயந்திரத் துப்பாக்கி ஒன்றைப் பிடித்து நிற்கிறார், 2022 இன் ‘விக்ரம்’ பீரங்கிவரை போயிற்று. இரண்டையும் ரசித்தே பார்த்தேன், லோகேஷ் கனகராஜுக்கு இருட்டையும் காத்திருப்பையும் கையாளத் தெரியும். ஆனாலும் கைத்துப்பாக்கி அந்த உலகத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. அதை நீட்டினால் யாரும் கையை உயர்த்துவதில்லை.

நல்லதொரு மாற்றமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில், நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்து ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்துபோனார். 1993 இல் நடிகர் பிராண்டன் லீயும் படப்பிடிப்பில் துப்பாக்கிக் காயத்தால் இறந்தார். இன்று பல படங்களில் குழாய் நுனித் தீப்பொறியைக் கணினியிலேயே வரைந்து சேர்க்கிறார்கள். நடிகர் நீட்டுவது வெறும் ரப்பர்க் கட்டையாக இருக்கலாம். தொழிலாளி ஒருவர் மாலையில் உயிரோடு வீட்டுக்குப் போவதற்காக அந்தக் கந்தகப் புகையை இழப்பதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 19 அன்று, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடையில் வந்த ஒருவன் கணேமுல்ல சஞ்சீவ என்பவரைக் கூண்டிலேயே சுட்டுக் கொன்றான். சட்டப் புத்தகமொன்றின் உட்பக்கங்களைத் துப்பாக்கி வடிவில் வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் அதை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெய்சங்கர் படத்தில் வந்திருந்தால் கலரி எழுந்து நின்று கைதட்டியிருக்கும் உத்தி. அதே வாரம் கொட்டாஞ்சேனையிலும் வெடி விழுந்து ஒரு உயிர் போனது. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் பையன்கள் கைபேசியில் அந்த வெட்டிய புத்தகத்தின் படத்தைப் பார்த்து, “படம் மாதிரியே இருக்கு” என்றார்கள். ஒருவர்கூடச் செத்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையில் நிமிடத்துக்கு நாற்பது பேர் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பிணத்தின் முன்னால் நிற்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

போன விடுமுறையில் பேரனை உட்காரவைத்து ‘அந்த நாள்’ போட்டேன். 1954 இல் ஏ.வி.எம்மும் வீணை எஸ். பாலச்சந்தரும் சேர்ந்து தந்த படம். பாட்டில்லை, சண்டையில்லை. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட யுத்தகாலம்; தொடங்கியதுமே ஒரு வெடி விழுகிறது, சிவாஜி கணேசன் தள்ளாடி விழுந்து இறக்கிறார். அவ்வளவுதான். மீதிப் படம் முழுவதும் அந்த ஒரேயொரு குண்டு யார் கையிலிருந்து வந்தது என்று தேடுவதுதான். மனைவி, தம்பி, அயல்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் வந்து தாங்கள் கண்ட மனிதனைச் சொல்லச் சொல்ல, செத்தவன் வளர்ந்துகொண்டே போகிறான்.

கறுப்பு வெள்ளை என்று முதலில் முகத்தைச் சுளித்தவன் கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“தாத்தா, அந்த அயல்வீட்டுக் கிழவர்தானே?”

“இரு மகன், பார்.”

கொஞ்ச நேரம் கழித்து, “தம்பிக்காரன்” என்றான். பிறகு அதையும் மாற்றினான். சாப்பிடக் கூப்பிட்ட தாயிடம் வரமாட்டேன் என்றான். படம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.