வட்டார வேட்பாளர்

உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கும் வட்டார வேட்பாளர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெளிப்பட வேண்டியவர். எப்போது வெளிப்படுவது என்பதைக் கொழும்பு தீர்மானிப்பதால் கணக்கு அடிக்கடி பிசகிவிடும். 2011க்குப் பிறகு அவர் 2018 பெப்ரவரி 10ஆம் திகதிதான் வந்தார். அடுத்து 2023 மார்ச் 9ஆம் திகதி வருவதற்கு வேட்புமனு கொடுத்து, கட்டுப்பணமும் கட்டி, வெள்ளைச் சேட்டும் தைத்து வைத்திருந்தபோது தேர்தலுக்குக் காசில்லை என்று கைவிரித்தார்கள். கடைசியில் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் உறுப்பினர் என்று யாரும் இல்லாமல் சபைகள் அதிகாரிகள் கையில் இருந்தன. வீதியில் குழி இருந்தது, திட்டுவதற்கு ஆள்தான் இல்லை.

அம்பாறை மாவட்டக் கரையோரத்துத் தம்பிலுவிலில் இவர் போட்டியிடுவது திருக்கோவில் பிரதேச சபைக்கு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றைச் சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. வேட்பாளர் முதல் இரண்டையும் வாசிப்பதில்லை. நூலகம், சந்தை, மயானம், குப்பை எல்லாம் சபைக்குரியவைதான். ஆனால் நூலகத்துக்கு நாடா வெட்டி யாரும் வென்றதில்லை என்பது அவருடைய அனுபவம். அவருக்குச் சபை என்றால் வீதி, வீதி என்றால் கிறவல்.

வீதி வேலைக்கு இந்த மவுசு எப்போதும் இருந்ததில்லை. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும். கண்டிப் பக்கம் அந்த வருடம் கலகம் மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அன்று வீதி வேலைக்கு ஆளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இன்று அதே வேலையைச் செய்விப்பேன் என்று சொல்ல ஆட்கள் வரிசையில் நின்று கட்டுப்பணம் கட்டுகிறார்கள். கட்சி வேட்பாளருக்குத் தலைக்கு 1500 ரூபா, சுயேச்சைக் குழு வேட்பாளருக்கு 5000 ரூபா. சுயேச்சைக்காரரின் கொள்கை எப்போதும் கூடுதல் உறுதியாக ஒலிப்பதற்கு இந்த விலை வித்தியாசமும் காரணமாகலாம்.

இவரை விளங்கிக்கொள்ள வீதிகளின் வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் தொடங்கிப் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 போன்ற ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது ஆர்.டி.ஏ.க்குச் சொந்தம். சீ, டீ வகுப்புகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிஞ்சுகிற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கு வரும். வயலுக்குப் போகும் பாதைக்குக் கமநல சேவை நிலையத்தையும் கடற்கரைப் பக்கம் போனால் வேறு திணைக்களங்களையும் கேட்க வேண்டிவரும். இந்தப் பங்குபிரிப்பு வேட்பாளருக்கு அத்துப்படி. பிரசாரக் காலத்தில் எல்லா வீதியும் சபையின் வீதி, வென்ற பிறகு எல்லா வீதியும் ஆர்.டி.ஏ. வீதி என்பதுதான் அவருடைய தொழில் நுணுக்கம்.

இந்த நுணுக்கம் முன்னாள் உறுப்பினரிடம்தான் முற்றிக் கனிந்திருக்கும். அவர் மீண்டும் வாக்குக் கேட்டு வருவது சித்திரை வெயிலில். அந்த நேரத்தில் எந்த ஒழுங்கையும் யோக்கியமாகத்தான் தெரியும், மணல் காய்ந்து குழிகள் தூர்ந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் அதே ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணி நின்றதை வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்த வேண்டும். வாசலில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“போனமுறையும் நீதானே மனே வந்த நீ? அப்ப சொன்ன கிறவல் இன்னும் வந்து சேரல்லயே.”

“அது பெரியம்மா, நான் எவ்வளவோ பாடுபட்டுப் பாத்தன். பிறகுதான் தெரிஞ்சுது, இது ஆர்.டி.ஏ. ரோட்டு.”

“அப்படியா? அந்த ஆர்.டி.ஏ. இந்த முறை என்ன சின்னத்தில கேக்குது மனே? அதுக்கே புள்ளடியப் போட்டுடுறன்.”

முன்னாள் உறுப்பினர் இதற்கும் சிரிப்பார். சிரிக்கத் தெரியாதவர் ஒரு தவணைக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

அவரை எதிர்த்து நிற்கும் ஓய்வுபெற்ற அதிபர் வேறு வார்ப்பு. ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப்பேர் அடி வாங்கியவர்கள். இரண்டு தரப்பும் தனக்கே வாக்களிக்கும் என்று அவர் கணக்கிடுகிறார். குழியைக் கண்டால் நின்று அதன் நீள அகலத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்வார், மாணவர்களுக்குச் செய்தது போலவே. ஒப்பந்தகாரராக இருந்து வேட்பாளரானவர் கொப்பி எடுப்பதில்லை. ஒரு பார்வையில் எத்தனை கியூப் கிறவல், எத்தனை பை சீமெந்து என்று சொல்லிவிடுவார். மூவரில் வேலை தெரிந்தவர் இவர் ஒருவர்தான், ஊருக்கு இவரிடம் உள்ள பயமும் அதுதான். பெண் வேட்பாளரைச் சட்டம் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, கட்சிகள் வேட்புமனுவின் கடைசி நாளில் வீடுவீடாகத் தேடி அவரைக் கண்டுபிடித்தன. எந்த ஒழுங்கையில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். பெயர் என்னவோ பெரும்பாலும் விகிதாசாரத்துக்கான இரண்டாம் பட்டியலில் இருக்கும்.

வாக்குறுதிகளுக்குள்ளும் சாதி உண்டு. மேலே இருப்பது காப்பெட் வீதி. அது சபையின் கைக்கு எட்டாதது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அடுத்தது கொங்கிரீட், அதற்கும் கீழே கிறவல். ஒன்றுக்கும் வழியில்லாதபோது மின்கம்பத்துக்கு ஒரு பல்ப். தேர்தலுக்கு முந்திய வாரம் பல்ப் எரியும் ஒழுங்கையில் கடும் போட்டி நிலவுகிறது என்று கொள்ளலாம். வேட்பாளர் குழியைப் பற்றி எவ்வளவும் பேசுவார், சோலைவரியைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். வரியும் முத்திரைத் தீர்வையில் வரும் பங்கும் நீதிமன்றத் தண்டப்பணமும்தான் சபையின் சொந்தப் பணத்தில் முக்கியமானவை. மிச்சம் மாகாணமோ அமைச்சோ வெளிநாட்டுத் திட்டமோ தந்தால் உண்டு.

இத்தனைக்கும் வாக்குச்சீட்டில் இவருடைய பெயர் கிடையாது. புதிய கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரத்துக்கும் 40 வீதம் விகிதாசாரத்துக்கும் பிரித்திருந்தாலும், வாக்காளர் புள்ளடி போடுவது கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோதான். ஆகவே மூன்று வாரம் தன் முகத்தை ஒரு சின்னத்தோடு ஒட்டவைப்பதே அவருடைய உண்மையான வேலை. வீடு, திசைகாட்டி, தொலைபேசி என்றால் பாதி வேலை முன்னமே முடிந்திருக்கும். அக்கரைப்பற்றுக்கு வடக்கே முஸ்லிம் ஊர்களில் மரம், மயில், குதிரை என்று ஒரு சோலையே போட்டியிடுவதால் அங்கும் சிரமமில்லை. ஊர் அறியாத சின்னம் கிடைத்த சுயேச்சை வேட்பாளர்தான் பாவம். அவர் அந்தப் பொருளையே கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. கல்முனையில் இந்தப் பாடும் இருக்கவில்லை. 2025இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, கல்முனை மாநகர சபையின் தேர்தல் வழக்கில் நின்றுபோனது. அங்குள்ள வேட்பாளர்கள் சேட்டை மடித்து அலுமாரியில் வைத்தார்கள்.

வென்றவர் வீதி போடுவதே இல்லை என்று சொல்வது அநியாயம். போடுவார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட்டு, கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒப்பந்தகாரரோ வேலையெடுத்து, ஒழுங்கையின் நடுவே கொங்கிரீட் விழும். தலைப்பில் பெயர்ப்பலகை நிற்கும். திட்டத்தின் பெயர், தொகை, தவிசாளர் பெயர், உறுப்பினர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கொங்கிரீட் பழைய மணலுக்கு மேல் அரை அடி உயரமாக எழும்புவதால், அடுத்த மாரியில் வீதி காய்ந்து கிடக்க, தண்ணி இரண்டு பக்கத்து வளவுக்குள்ளும் இறங்கும். முன்பு வீதியில் நின்ற தண்ணியை இப்போது வீட்டு முற்றத்தில் வைத்தே பார்க்கலாம். இதற்கு வடிகான் வேண்டும். வடிகான் அடுத்த தேர்தலுக்கு உரியது.

தோற்றவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். வட்டார வேட்பாளர் வாழ்க்கையில் எழுதும் ஒரே மதிப்பீடு அநேகமாக இதுதான்.

வாக்காளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தன் வீட்டு வாசலில் போகும் ஒழுங்கை யாருக்குச் சொந்தம், கடைசியாக அதற்கு எவ்வளவு செலவானது என்று எந்தப் பிரஜையும் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. அடுத்த வேட்பாளர் படியேறி வருவதற்குள் அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.