கறவை வற்றிய ஆண் நாய் குறித்து ஒரு பணிவான விண்ணப்பம்

பெறுநர்: எல்லைக்கு இந்தப் பக்கத்து மிருகாஸ்பத்திரி அவர்கள். ஊரின் பெயரை எழுதவில்லை. தங்கள் புகழ் ஒரே ஊரோடு நின்றுவிடக் கூடாது.

பெருமதிப்பிற்குரிய ஆஸ்பத்திரி அவர்களே,

நேற்று தங்கள் ஜன்னலில் தந்த ஓ.பி. சீட்டை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். விலங்கு: நாய், ஆண். வயது: 12. கறவை: வற்றியது. நோய்: வயசு. சிகிச்சை: வைட்டமின் ஊசி.

என் கைசர் ஆண் நாய் என்பதை நீங்களே எழுதிவிட்டு, அதற்கு அடுத்த கட்டத்தில் அவனுக்குக் கறவை வற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தும் அவன் எப்போது கறந்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பால் சொசைட்டியில் கணக்கு வைத்திருப்பவன் நான். ஒரு லிட்டர் விடாமல் ஊற்றியிருப்பேன். வீட்டில் யாரோ எனக்குத் தெரியாமல் கறந்து காப்பி போட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் இப்போது வருகிறது.

இந்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம், கேரளத்துத் தமிழர்கள் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம் என்று இடம் தந்திருக்கிறது. கைசருக்கு அந்தச் சிக்கல் இல்லை. கம்பத்துப் பக்கம் பிறந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவன். இரண்டு மொழியில் எதில் கூப்பிட்டாலும் ஓடி வருவான். இப்போது எதில் கூப்பிட்டாலும் தலையை மட்டும் தூக்குகிறான்.

தங்கள் நோய் கண்டறியும் முறையைப் பற்றிப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆட்டோவிலேயே நாய் படுத்திருந்தது. நான் ஜன்னலில் நின்று, பின்னங்கால் இழுக்கிறது, எழும்போது முனகுகிறது, ராத்திரியில் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்தவர் ஆட்டோவை ஒரு பார்வை பார்த்தார். "வயஸ்ஸாயில்லே, சேட்டா" என்றார். முடிந்தது. கை படவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, வாசற்படி இறங்கவில்லை. நாயைத் தொடாமலே நாயின் நோயைச் சொல்லும் இந்த வித்தைக்குத் தனிப் பட்டப்படிப்பே தொடங்கலாம்.

டாக்டர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கோமாரித் தடுப்பூசிக்குப் போயிருந்தார். ஒரே ஆளாக ஒரு பஞ்சாயத்து முழுவதும் ஓடுகிற மனிதர். என் செவலைப் பசுவுக்கு மடிநோய் வந்த அன்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்கே வந்தார். காம்பைத் தொட்டுப் பார்த்தார், பாலைப் பீய்ச்சிப் பார்த்தார், திரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எந்தக் காம்பில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினார். செவலைக்கும் வயசாகிறது. ஆனாலும் அவளுக்கு நோய் "வயசு" என்று யாரும் எழுதவில்லை. அவளுக்கு நான்கு காம்பு இருக்கிறது, கைசருக்கு இல்லை. வேறு வித்தியாசம் எனக்குப் புலப்படவில்லை.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குப் பால் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். மீனாட்சிபுரத்தில் பாலுக்கென்றே பரிசோதனைச் சாவடி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் டேங்கரை நிறுத்தி, மூடியைத் திறந்து, சாம்பிள் எடுத்து, கொழுப்பு பார்த்து, கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். ஓணம் நெருங்கினால் இன்னும் கவனம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கைசரை ஒரு பால் கேனில் இறக்கி, கழுத்து வரை மூடி, அந்தச் சாவடியில் வைத்துப் பார்க்கலாமா என்றுதான் யோசிக்கிறேன். ஏதாவது ஒரு பரிசோதனை அவன் மேல் நடக்கும்.

பொள்ளாச்சிக்குப் போகச் சொல்லித் தங்கள் ஜன்னல் அறிவுரையும் தந்தது. போகிறேன். எல்லோரும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். வண்டிப்பெரியாரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி, ஆட்டுக்கு ஒன்று என்றாலும் நாய்க்கு ஒன்று என்றாலும் குமுளி இறங்கித் தேனிப் பக்கம் போகிறாள். அங்கே 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதே வருஷம் உடுமலைப்பேட்டையிலும் ஒன்று வந்தது. மறையூர்க்காரர்கள் சின்னாறு வழியாக, யானை குறுக்கே நிற்காத நேரம் பார்த்து, அங்கே போகிறார்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் 1895இலிருந்து அந்தப் பக்கம் இறங்குகிறது. இப்போது நொண்டி நாய்களும் அதே திசையில் இறங்குகின்றன. எங்கள் சித்தூர்ப் பக்கம் நேர் எதிர். ஆளியாற்றிலிருந்து வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் அளந்து எங்களுக்கு விட வேண்டும் என்று ஒப்பந்தம். தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது, நாய் அந்தப் பக்கம் போகிறது. தண்ணீரை டி.எம்.சி.யில் அளக்கிறோம், பாலை லிட்டரில் அளக்கிறோம். வலியை அளக்க மட்டும் எந்த அரசாங்கத்திடமும் பாத்திரம் இல்லை.

நம் பக்கத்திலும் குறைவில்லை. மண்ணுத்தியில் 1955இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், குதிரான் சுரங்கம் திறந்த பிறகு நேரமும் மிச்சம். ஆனால் பொள்ளாச்சியோ மண்ணுத்தியோ, எங்கே போனாலும் எக்ஸ்ரே எடுக்கிறவர் முதலில் கேட்கப் போவது "எந்த இடத்தை எடுக்க?" என்பதைத்தான். இடுப்பா, முதுகா, முழங்காலா? அதைச் சொல்ல எக்ஸ்ரே வேண்டாம். ஒரு ஜோடிக் கை போதும். அந்தக் கைகள் தங்களிடம் உண்டு. செவலையின் மடியில் நானே பார்த்தேன்.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் ஓய்வு நேரத்தில் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வயதான நாய் பின்னங்காலை இழுத்தால் அதற்குக் காரணம் பல. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தால் காலையில் எழ முடியாமல் தவிக்கும், கொஞ்சம் நடந்த பிறகு கால் இளகும். முழங்கால் ஜவ்வு அறுந்திருந்தால் நுனிவிரலை மட்டும் தரையில் வைக்கும். முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தால் முதுகைத் தொட விடாது. பாதத்தை மடித்து வைத்தால் உடனே திருப்பி வைக்கத் தெரியாது. அந்தச் சோதனைக்கு ஆகும் நேரம், சீட்டில் "கறவை வற்றியது" என்று எழுதும் நேரத்தைவிடக் குறைவு. தண்டுவடமே மெல்ல மெல்லச் சிதைகிற நோயும் ஒன்று உண்டு, அதில் நகம் தரையில் தேயும், ஆனால் வலி இருக்காது. கைசர் முனகுகிறான், ஆகையால் அது மட்டுமாக இருக்காது என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது. இதெல்லாம் இல்லாமல் உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம். நம் ஊர் உண்ணிக்குச் சொல்லவா வேண்டும். அது மூட்டைப் பிடித்தாலும் நாய் இப்படித்தான் நடக்கும், ரத்தம் எடுத்துப் பார்த்தால் தடயம் கிடைக்கும், டாக்சிசைக்ளினை 28 நாள் விடாமல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

அதாவது மாத்திரையில் தீரக்கூடிய ஒன்றும், ஆயுள் முழுக்க வலிமருந்து வேண்டிய ஒன்றும், எதற்கும் அடங்காத ஒன்றும் தங்கள் சீட்டில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கின்றன. வயசு. வயசு யாருக்கு இல்லை? என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு. முட்டி வலி என்று போனால் டாக்டர் முட்டியைத் தொடுகிறார்.

ஒரு நாய் ராத்திரி முழுவதும் படுக்க இடம் மாற்றி மாற்றி, விடியும்போது நின்றபடியே தூங்குவதை ஒரு தடவை பாருங்கள். பிறகு அந்த ரோஸ் நிற வைட்டமின் ஊசியைப் போடுங்கள். எனக்கு அந்த ஊசி வேண்டாம். நோயாளியைத் தொடாமல், "ஏதோ செய்தோம்" என்று காட்டப் போடுகிற ஊசி அது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியை வைத்திருப்பவன் அதற்கு வீண் வலியோ வேதனையோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நான் அந்தக் கடமையைச் செய்யத்தான் ஆட்டோ பிடித்து வந்தேன். ஆட்டோவோடு திருப்பி அனுப்பினீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். தங்கள் பொன்னான நேரத்தில் குரலை உயர்த்திவிட்டேன். கறவை வற்றிய பிராணியின் சொந்தக்காரனுக்கு அந்த உரிமை இல்லை.

அரசாங்கத்துக்கு நாயைப் பற்றி அக்கறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பன்றிக்கும் நாய்க்கும் சேர்த்து 1998இலேயே பஞ்சாயத்து லைசென்ஸ் விதி வகுத்தார்கள். கைசரின் லைசென்ஸ் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒன்றுகூட விடவில்லை. கேரளத்தில் இன்றைக்கு அதன் அவசியம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, அவன் பல்லைப் பற்றிய கோப்பு முழுமையாக இருக்கிறது. காலைப் பற்றித்தான் ஒரு தாளும் இல்லை. 2021இல் திருவனந்தபுரத்துப் பக்கம் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடாரை அடித்துக் கொன்றார்கள். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, அந்த வழக்குக்கு நாயின் பெயரையே வைத்தது. செத்த நாய்க்கு வழக்கில் பெயர் கிடைக்கிறது. உயிரோடு இருப்பவனுக்குக் கறவைக் கட்டம்தான் கிடைக்கிறது. தருமராஜா நாயோடு சொர்க்கவாசல் வரை போனவர், தங்கள் ஜன்னலுக்கு வந்திருந்தால் "எத்தனை லிட்டர்?" என்று கேட்டே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, மனுஷனுக்குக் கொடுக்கும் வலிமாத்திரையில் பாதி கொடுத்துப் பாருங்கள் என்றார். தங்கள் ஜன்னலில் திருப்பி அனுப்பப்படும் பலர் கடைசியில் செய்வது அதைத்தான். பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் நாயின் ஈரல் போகும். ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளும் செத்து விழுந்ததால்தான் 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கழுகைக் காப்பாற்ற ஒரு நாடே முன்வந்தது, மகிழ்ச்சி. கழுகும் கறப்பதில்லை என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். நாய்க்கென்றே அளவு பார்த்துக் கொடுக்கும் மெலாக்சிகாம் இருக்கிறது. அதையும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் பார்த்த பிறகே நிம்மதியாகத் தொடர முடியும். மறுபடியும் ரத்தம். மறுபடியும் கை.

ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்பது தங்கள் சங்கடம் என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறேன். வரும்போது அரை லிட்டர் மில்மா பாக்கெட் ஒன்று கொண்டு வருகிறேன். கைசர் கறந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். சொசைட்டியில் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் இருக்கும் நாளைச் சொல்லுங்கள், அன்றைக்கு வருகிறோம். கைசர் இருபத்தாறு கிலோ, ஆட்டோவிலிருந்து என் மகன் தூக்கி வருவான். மேசை வேண்டாம், தரையில் ஒரு சாக்கு போதும். கால்விரலை மடித்துப் பாருங்கள், முழங்காலை ஆட்டிப் பாருங்கள், முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள், இடுப்பை மெல்லப் பின்னால் நீட்டிப் பாருங்கள். பிறந்ததிலிருந்து யாரையும் கடித்ததில்லை. பயமென்றால் வாயைத் துணியால் கட்டித் தருகிறேன். எங்கேயாவது ஓரிடத்தில் கை வைக்கும்போது உறுமுவான். தங்கள் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக் கையை எடுத்துவிடாதீர்கள். அந்த இடத்தைத்தான் நோய் என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இரண்டு கறவையும் ஒரு கைசரும் வைத்திருப்பவன்