யன்னல்கரை அண்ணை

ரொறன்ரோத் தமிழரில் ஒரு வகையினர் இருக்கிறார்கள். ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள், எத்தனை பேர், எங்கே படுக்கவைப்பது என்று யோசிப்பார்கள். இவர்கள், பொழுது எத்தனை மணிக்குப் படுகிறது என்று பார்ப்பார்கள். வருகிறவர் விமானச்சீட்டு எடுத்தாரோ இல்லையோ, இவர் சி.என். கோபுரத்து உச்சியில் மேசை எடுத்துவிடுவார். எங்கள் வட்டத்தில் இந்த வகைக்கு மூத்த பிரதிநிதி ஒருவர் உண்டு. யன்னல்கரை அண்ணை என்று சொன்னால் ஸ்காபரோவின் பாதிக்கு ஆளைத் தெரியும். மிச்சப் பாதி அவரோடு மேலே போய்ச் சாப்பிட்டிருக்கிறது.

மேசை எடுப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் அண்ணையிடம் பாடம் கேட்கவேண்டும். உணவகம் இருப்பது 351 மீற்றர் உயரத்தில். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர 72 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு ஐந்து பாகை. யூன் கடைசியில் ரொறன்ரோவில் பொழுதுபட ஒன்பது மணியாகும்; டிசெம்பர் நடுவில் நாலே முக்காலுக்கு முதலே பட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் ஏரியைக் காட்டி, மேற்கே சூரியனை இறக்கி, இருட்டியபிறகு நகரத்து விளக்குகளையும் காட்டி முடிக்கவேண்டுமானால் எத்தனை மணிக்குக் கதிரையில் இருக்கவேண்டும்? இந்தக் கணக்கு அண்ணைக்கு மனப்பாடம். தன் கலியாண நாளைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

அதோடு பஞ்சாங்கமும் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் மச்சம் சாப்பிட மாட்டார்கள். விருந்தினர் வந்து குவிகிற கோடையில்தான் நல்லூரிலும் கொடியேறும். 25 நாள் திருவிழா. கந்தன் அங்கே தேரில் ஏற, இங்கே அண்ணையின் மாமி இறைச்சியை ஒதுக்கிவிடுவார். எனவே பொழுதுபடும் நேரம், மழை முகில், முருகன் மூன்றும் ஒத்துவருகிற நாளாகப் பார்த்து, அந்த நாளில் மேசையும் இருந்தால்தான் அண்ணை பொத்தானை அமத்துவார்.

பதிவுப் படிவத்தின் அடியில் விசேட வேண்டுகோளுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சாதாரண மனிதர் அதை வெறுமையாக விடுவார். மிஞ்சினால் கச்சான் ஒத்துவராது என்று எழுதுவார். அண்ணைக்கு அதுதான் இலக்கியம். அகதிக் கோரிக்கையில் தொடங்கி, மனைவியை, தாயை, மாமியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுக்கும்வரை குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. 'எழுபத்தெட்டு வயது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. முழங்கால் வருத்தம். தயவுசெய்து யன்னல்கரை.' முழங்காலுக்கும் யன்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "தம்பி, வாசிக்கிறவனுக்கு மனம் இளகவேணும். காரணம் தேவையில்லை" என்றார். எல்லா மேசையும் யன்னலை ஒட்டி இல்லை. யன்னல்கரைக்கு எந்த உணவகமும் சத்தியம் செய்து கொடுப்பதும் இல்லை. ஆனாலும் பத்துக்கு எட்டுத் தரம் அண்ணைக்குக் கிடைத்துவிடுகிறது.

கொண்டாட்டம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கும் அவர் இல்லையென்று பதில் போட்டதில்லை. மாமிக்குப் பிறந்தநாள் என்று போட்டுவிட்டார் ஒருமுறை. கேக்குத்துண்டில் மெழுகுதிரியோடு வந்து பரிமாறுகிற பிள்ளைகள் வாழ்த்துப் பாட, மாமி திகைத்துப்போய், "எனக்கு மார்கழியிலயெல்லோ?" என்றார். "சத்தம் போடாதேங்கோ மாமி, கேக்கைச் சாப்பிடுங்கோ."

செலவைப் பற்றி அண்ணை தரும் விளக்கம் தனி அழகு. கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கவே சீட்டு எடுக்கவேண்டும். மேலே முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு அந்தச் சீட்டு இல்லை; பார்வைத் தளம், கீழே நகரம் தெரிகிற கண்ணாடி நிலம் எல்லாம் சாப்பாட்டுக்குள் அடக்கம். "அப்ப சீட்டுக்காசைக் கழிச்சுப் பார், சாப்பாடு கொள்ளை மலிவு." பிறகு வருகிற 13 சதவீத வரியும் அதற்குமேல் வைக்கிற சந்தோசக் காசும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, குசினிக்குள்ளிருந்து ஒரே வரியில் முடித்துவைப்பார்: "இஞ்சருங்கோ, ஏறாமல் விட்டால் ரெண்டுமெல்லோ மிச்சம்."

ஆனால் அக்காவும் இந்தக் கூத்தில் ஒரு பாத்திரம்தான். வெளிக்கிடுகிற அன்று மத்தியானம் கணவாய்க் கறி, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்று ஆறேழு சட்டி அடுப்பில் இருக்கும். "எல்லாரும் வடிவாச் சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ. அங்க சாப்பாடு பாக்கிறதுக்குத்தான்." ஆளுக்கு நூறு டொலருக்குமேல் கொடுத்து விருந்துண்ணப் போகிறவர்கள், ஏவறை விட்டபடி வானில் ஏறுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உள்ளே ஒரு பெரிய வெள்ளைக் கோப்பையின் நடுவில் சின்னதாக ஒரு மீன்துண்டு வரும்போது யாருக்கும் மனவருத்தம் வராததற்கு அக்காதான் காரணம்.

லிஃப்ட் மேலே போக 58 விநாடி. அண்ணை அந்த 58 விநாடிக்குள், "காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்கோ" என்று அறிவித்து, 1976 இல் கோபுரம் திறந்ததிலிருந்து வரலாறும் சொல்லி முடிப்பார்.

மேலே போனதும் முதல் எச்சரிக்கை: "யன்னல் கட்டில ஒண்டும் வையாதேங்கோ." சுற்றுவது நிலம் மட்டும். யன்னலும் அதன் கட்டும் நின்ற இடத்தில் நிற்கும். சொன்னதை மாமி கேட்கவில்லை. இயக்கமும் ஆமியும் மாறி மாறிச் சோதித்த காலத்தில் வாழ்ந்தவர்; வீட்டு வாசலைத் தாண்டினால் அடையாளப் பத்திரங்கள் முழுவதும் கைப்பையில் இருக்கும். கடவுச்சீட்டு, நீரிழிவுக் குளிசை, கடதாசியில் சுற்றிய பொரித்த மோர்மிளகாய் சகிதம் அந்தப் பையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, பாண்துண்டுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் பை இல்லை.

"ஐயோ என்ர பாஸ்போட்! களவு போட்டுது!"

"பயப்பிடாதேங்கோ மாமி" என்று அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "பை எங்கயும் போகேல்லை. நாங்கள்தான் போய்ட்டம். பன்னிரண்டு நிமிசம்... அறுபது பாகை." எழுந்து, நேரே நடந்து, ஏழெட்டு மேசை தாண்டிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ விட்டுப்போன பையைப் பார்த்தபடி அந்த மேசையில் ஒரு சோடி கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததாம். மாமி முதலில் எண்ணிப் பார்த்தது மோர்மிளகாயை.

கைகழுவப் போகிற இளசுகளுக்கும் இதே சேவை உண்டு. கழிப்பறை நடுத்தண்டில், சுற்றாத பக்கத்தில் இருக்கிறது. "தம்பி, அஞ்சு நிமிசத்தில வந்தீரெண்டால் இருபத்தைஞ்சு பாகை அங்கால பாரும்." இந்த ஒரு காரியத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படித்தேன் என்று அவரே சொல்லுவார்.

விருந்தாளிகளிலும் சிலர் லேசில் மடங்குவதில்லை. எந்த நாட்டில் போய் விழுந்தாரோ அந்த நாட்டின் கோபுரத்தைத் தான் கட்டியதுபோல் தமிழன் பேசுவான். அண்ணையிடம் அளவுகோல் ஒன்றுதான்: தான் உட்கார்ந்திருக்கும் கதிரை. பாரிஸ் அத்தான் ஈபிள் கோபுரத்தை இழுத்தார். "அது நுனிவரைக்கும் 330 மீற்றர் அத்தான். உங்கட நுனி என்ர கதிரைக்குக் கீழ. நல்ல சாப்பாட்டுக்கடை இருக்கிறது ரெண்டாம் தட்டில, 125 இல." முப்பது வருடம் பாரிசில் இருந்தும் ஈபிளில் ஒரு படிகூட ஏறாத அத்தானால் மறுத்துப் பேச முடியவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர் தாமரைக் கோபுரத்திலும் சுற்றுகிற உணவகம் இருக்கிறது என்றார். அண்ணைக்கு முகம் மலர்ந்தது. "அது முழு உயரமே முன்னூற்றைம்பது சொச்சம். நுனி சரியா எங்கட மேசை மட்டத்துக்கு வரும். நல்லது, நல்லது." தாய்நாடு என்ற பாசம்.

துபாய்ப் பெறாமகன்தான் சங்கடம். இந்தக் கோபுரம் முப்பது வருடத்துக்குமேல் வைத்திருந்த உயரப் பட்டத்தை 2007 இல், கட்டி முடிக்கும் முன்பே பறித்துக்கொண்டது அவர்களுடைய புர்ஜ் கலீஃபா. 828 மீற்றர். 122 ஆம் மாடியில் சாப்பாடும் உண்டு. பையன் இதைச் சொன்னபோது அண்ணை ரொட்டியைப் பிய்த்து, மெல்ல மென்று, தண்ணீர் குடித்து, கடைசியில் கேட்டார்: "அது சுத்துமோ?"

"இல்லை, சித்தப்பா."

"பிறகென்ன!"

வெளியே காட்சி உண்மையிலேயே அபாரம். தெற்கே ஏரி, தீவுகள், தீவிலிருக்கும் சின்ன விமானநிலையம். காலடியில் 1989 இல் திறந்த விளையாட்டரங்கு. கூரையைத் திறந்துவிட்டால் உள்ளே ஓடுகிறவர் எறும்பாகத் தெரிவார்கள். அண்ணை இவை எதையும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது பார்க்கிறவரின் முகத்தை. முகத்தில் போதிய ஆச்சரியம் தெரியாவிட்டால், "எப்பிடி?" என்பார். "நல்லா இருக்கு" என்று பதில் வந்தால் மனம் ஆறாது. "அப்பாடா, என்ன வடிவு!" வரும்வரை "எப்பிடி?" நிற்காது. தன் நகரத்துக்கு வெளிநாட்டுக்காரரிடம் நற்சான்றிதழ் வாங்காமல் அவருக்கு இனிப்பு இறங்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அண்ணையின் கண் வெளியே போகும். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கூரையைக் காட்டி, "அந்தா, அதின்ர நிலக்கீழ்க் குசினியிலதான் எண்பத்தெட்டில வந்திறங்கின நேரம் கோப்பை கழுவினனான்" என்று தொடங்குவார். குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தால் இந்தக் கோபுரம் தெரியுமாம். அது ஏதோ வானொலிக்காரர் வேலை என்று நினைத்தாராம். அதற்குள் ஆட்கள் இருந்து சாப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லையாம். "அந்தக் குசினியில கேளுங்கோ..." என்கிற இடத்தில் நிமிடத்துக்கு ஐந்து பாகை தன் வேலையைக் காட்டிவிடும். கூரை யன்னலைவிட்டுப் போய்விடும். ஏரி வந்துவிடும். எல்லோரும் ஏரியைப் படமெடுக்கத் திரும்புவார்கள். மிச்சக் கதைக்கு 72 நிமிடம் காத்திருக்கவேண்டும். அதற்குள் பில் வந்துவிடும். பாதி ஸ்காபரோ இந்தக் கதையின் முதல் பாதியைக் கேட்டிருக்கிறது.

போன ஓகஸ்டில் பாரிஸ் அத்தான் மறுபடி வந்தபோது கணக்கெல்லாம் சரியாக இருந்தும் முகில் ஏமாற்றிவிட்டது. கோபுரத்தின் இடுப்புக்குமேல் ஒன்றுமே இல்லை. லிஃப்டிலிருந்து இறங்கினால் எட்டுத் திக்கும் பால்வெள்ளை. யன்னல்கரை மேசையும் கிடைத்திருந்தது. அண்ணை தளரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, வெள்ளையில் விரலை நீட்டி, "இப்ப கிழக்கு. அந்தா ஸ்காபரோ, எங்கட வீட்டுப் பக்கம்" என்றார். மாமி கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு வீடு ஒரு கோயில் பக்கத்தில்.

"வீட்டில பஞ்சு மெத்தையைப் பாத்திருந்தாலும் இதுதான் தெரிஞ்சிருக்கும்" என்றார் அத்தான்.

பார்க்க ஒன்றுமில்லாததால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். படமெடுக்க ஏரியும் வரவில்லை. அண்ணை கதையைத் தொடங்கினார், அன்றுதான் முடித்தார். அந்தக் குசினியில் இரண்டு கழுவுதொட்டி. ஒன்றுக்குமேல் நடைபாதை மட்டத்தில் ஒரு சின்ன யன்னல். அதால் பார்த்தால் போகிறவர் வருகிறவரின் சப்பாத்துகள் தெரியும். அது சீனியர் என்று வடமராட்சிக்காரர் ஒருவருக்கு. அண்ணைக்குச் சுவர்ப்பக்கம். நாலு வருடம் சுவரைப் பார்த்துக் கழுவினார். கடைசியில் சீனியர் டாக்சி ஓட்டப் போனார். "அடுத்த கிழமை யன்னல்கரைக்கு மாறுவமெண்டு போறன், முதலாளி யன்னலை மறைச்சுப் பெரிய பிறிட்ஜ் ஒண்டு வைச்சிருக்கிறான்!"

நாங்கள் சிரித்தோம். அத்தான் சிரிக்கவில்லை. "எங்கட குசினியில யன்னலே இல்லை" என்றார்.

"நிலத்துக்குக் கீழயோ?"

"ரெண்டு தட்டுக் கீழ. கோப்பை லிஃப்டில வரும். நாங்கள் படியால இறங்கவேணும்."

அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். துபாய்க்காரனிடம் கேட்டதுபோல் கேட்க இதில் ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தடவத் தொடங்கினார்.

"அத்தான், உங்களுக்கு எப்ப பிளைட்?"

"வியாழக்கிழமை."

"புதன் பின்னேரம் ஏழேகாலுக்கு ஒரு மேசை காட்டுது."

அத்தான் வெளியே இருந்த வெள்ளையை ஒருதரம் பார்த்தார்.

"யன்னல்கரையோ?"