சித்தம் அண்ணன்

பதுளை பஸ் ஸ்டாண்டில் பசறைக்கு இரண்டு பஸ் நிற்கிறது என்று வையுங்கள். ஒன்று இ.போ.ச., மற்றது தனியார். நீங்களும் நானும் இடம் இருக்கிறதில் ஏறிவிடுவோம். சித்தம் அண்ணன் கர்த்தரின் சித்தம் எது என்று கேட்க நடுவில் நின்று கண்ணை மூடுவார். திறக்கும்போது இரண்டும் போயிருக்கும். "கர்த்தர் நிறுத்தி வெச்சாரு தம்பி, அதுல ஏதோ இருந்திருக்கு" என்பார். இரண்டும் பத்திரமாகப் பசறை போய்ச் சேர்ந்ததை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

இவர் ஒரே ஆள் இல்லை. ஹாலிஎலையில் ஒருவர், லுணுகலையில் ஒருவர், தெமோதரையில் மாமனும் மருமகனுமாக இரண்டு பேர். கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய அன்றைக்கே இவரும் வந்திருப்பார் என்பது என் அனுமானம்.

வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைப்பது அண்ணனுக்குக் கைவந்த கலை. மகனை டுபாய்க்கு அனுப்பலாமா என்று திறந்தால் யாத்திராகமம் வந்தது. அன்றே பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்தாயிற்று. மகள் கல்யாணத்துக்குத் திறந்தபோது புலம்பல். மூடிவிட்டு மறுபடி திறந்தார். உன்னதப்பாட்டு வரும்வரை திறந்தார்.

மற்றவர்கள் காரியத்தில் இத்தனை சிரமம் கிடையாது. பதுளை சென் மார்க்ஸ் தேவாலயம் 1857இல் மேஜர் ரோஜர்ஸ் நினைவாகத் திறக்கப்பட்டது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தவர். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்பார்கள். "அது யானைக்கான தீர்ப்பு" என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவார். தன் லயத்துத் தகரத்தில் சவுக்கு மரம் விழுந்தால் மட்டும் அது சோதனை.

பெரிய காரியங்களுக்குக் கிதியோன் முறை. கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, தோல் நனையட்டும், தரை காயட்டும் என்று கேட்டான். மறுநாள் மாற்றியும் கேட்டுப் பார்த்தான். அண்ணன் தோலுக்கு எங்கே போவார்? மனைவியின், அதாவது நம் அக்காவின், கம்பளியை வாசலில் விரித்தார், இளையவனைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதா என்று. மார்கழி மாசம். நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி கூரைவரை இறங்கி நிற்கிறது. விடியும்போது கம்பளி நனைந்திருந்தது. தரை நனைந்திருந்தது. திண்ணையோரம் படுத்திருந்த நாயும் நனைந்திருந்தது.

"பதில் வந்திருச்சு!"

"நல்லா வந்துச்சு. பெரட்டுக்கு இந்த ஈரக் கம்பளியை யாரு போட்டுக்கிட்டுப் போறது? அதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா.

அக்காவுக்குக் கண்மூடி நிற்க நேரம் இல்லை. பெரட்டில் பேர் எடுக்கும்போது பிந்திப் போனால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு உயர்ந்தபோது அதை யார் கையில் கொடுப்பது என்று அண்ணன் சித்தம் கேட்டதாக நினைவில்லை. பந்தியில் உட்காருவதற்கும் அவர் கேட்டதில்லை. கோயில் கானைத் துப்புரவாக்கச் சிரமதானம் என்றால்தான் "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்பார். அந்தப் பதில் வந்து சேர்ந்ததை இன்றுவரை யாரும் கண்டதில்லை.

இருந்தும் ஆளை வேஷக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பேத்திக்கு வலிப்பு வந்த இரவில் அவர் வேதத்தைத் திறக்கவுமில்லை, கம்பளியை விரிக்கவுமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, திரீவீல்காரனைத் தட்டி எழுப்பி, பதுளை ஆஸ்பத்திரியில் போய்த்தான் நின்றார்.

வீட்டுத்திட்டம் வந்தபோதுதான் அண்ணனின் வேதசாத்திரம் உச்சத்தைத் தொட்டது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ். ரோட்டோரக் காணி தனக்கு என்று தரிசனம் கிடைத்ததாக ஜெபக் கூட்டத்தில் சாட்சியே சொல்லிவிட்டார். சீட்டுக் குலுக்கியபோது கிடைத்தது கீழே, கானுக்குப் பக்கத்துச் சரிவு. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள், இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் போதகர். அண்ணன் அசரவில்லை. "அது பரிசுத்த ஆவி இறங்கிறதுக்கு முந்தி ஐயா. அதுக்குப் பிறகு அப்போஸ்தலர் சீட்டுப் போட்டதா எங்கயாச்சும் இருக்கா?" உண்மையில் இல்லைதான். போதகர் வாயடைத்துப் போனார். சரிவுக் காணி என்னவோ மாறவில்லை.

அந்தச் சரிவுக்குக் கல் கட்ட இப்போது அண்ணன் கைமாற்றுக்கு அலைகிறார். உங்களிடமும் வருவார். இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம். "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.