சைக்கிளும் சிலபஸும்

2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. நம் பிள்ளைகளும் அந்த வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டார்கள். அவர்களை எழுப்ப நாமும் சும்மா இல்லை: நாலு நிற ஹைலைட்டர், ஆண்டுகளை மனப்பாடம் செய்யக் குறுக்குவழி, பிரிக்பீல்ட்ஸ் டியூஷனில் 'கட்டாயம் வரும்' வினாக்களின் நகல் கட்டு. அந்த டியூஷன் ஜன்னலுக்கு வெளியே, 1881-இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த கோலாலம்பூரை மறுபடி கட்டச் செங்கல் சூளை போட்ட இடம் கிடக்கிறது. அது ஹேண்டவுட்டில் இல்லை, எனவே இல்லை.

கிள்ளான் பையன்களுக்கு இன்னும் வசதி. 1941-இல் அந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். முன்னின்ற ஆர்.எச். நாதனை ஆங்கிலேய அரசு பிடித்து நாடு கடத்தியது.

இதைச் சொன்னால் கடைசி வரிசை நிமிரும். "இறங்கலன்னா என்ன செய்வாங்க, சார்?" என்று ஒருவன் கேட்டே விடுவான். ஆபத்து அங்கேதான், அப்புறம் சிலபஸை யார் முடிப்பது?

"உட்காருப்பா. அது சோதனைக்கு வராது."