இயங்குதள மேம்பாட்டில் பயனர் மனநிறைவு: பிரிண்டரை முன்வைத்து ஓர் ஆய்வு

புதிய இயங்குதளம் பயனருக்கு மனநிறைவு தருகிறதா என்னும் வினா நெடுங்காலமாகத் தவறான இடத்தில் கேட்கப்பட்டு வருகிறது. திரையைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது மேசையோரத்தில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிரிண்டரிடம். ஒரு கணினியின் வயது, அதனோடு கேபிளால் கட்டப்பட்டிருக்கும் மிகப் பழைய கருவியின் வயதே என்பது நம் கருதுகோள். ஆய்வேட்டு மரபுப்படி கருதுகோளை முதலில் சொல்லிவிட்டோம். இனி அதற்குத் தோதான சான்றுகளைத் தேடுவோம்.

இத்துறையின் முன்னோடி பவணந்தி முனிவர். பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, அதில் குற்றமில்லை என்று நன்னூலில் தீர்ப்பு எழுதிவிட்டார். அவரிடம் பிரிண்டர் இல்லை.

அடுத்த பெரிய ஆய்வு 2008-இல் நடந்தது. முந்தைய ஆண்டு ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் பெயர் ரிப்பேராகிக் கிடந்த நேரம். விஸ்டா என்றாலே முகம் சுளிப்பவர்களாகப் பார்த்து சான் பிரான்சிஸ்கோவில் கூட்டிய மைக்ரோசாப்ட், ‘மொஹாவி’ என்று புத்தம் புது இயங்குதளம் வரப்போகிறது, பாருங்கள் என்று காட்டியது. பார்த்தவர்கள் பிரமாதம் என்றார்கள். அதன் பிறகுதான் காட்டியது விஸ்டாவேதான் என்று உடைத்தார்கள். பெயரை மாற்றினால் மனநிறைவு வரும் என்பது இதன் முடிவு. தெருப் பெயர் விஷயத்தில் நம் ஆட்சியாளர்கள் எப்போதோ கண்டறிந்ததுதான். ஆனால் ஆய்வு முறையில் ஓர் ஓட்டை. வந்தவர்கள் யாரும் வீட்டுப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. தயார் செய்து வைத்த கணினியில் நிறுவனத்து ஆளே ஓட்டிக் காட்டினார். விஸ்டா மீது ஜனங்களுக்கு இருந்த கோபத்தில் கணிசமான பங்கோ, முந்தைய விண்டோஸான எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடிய பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் புது டிரைவர் வந்து சேராத கோபம்.

நாம் எடுத்துக்கொண்ட களம் தமிழ்நாட்டு டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே மேசையில் உருவாகும் இடம். இங்கே ராஜா, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எக்ஸ்பி வந்ததும் அதே ஆண்டு அக்டோபரில். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுபோனது. இந்தச் செய்தி சில கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த சிஸ்டத்துக்கு நெட் கனெக்‌ஷன் கிடையாது என்பதால் வந்து சேர வழியுமில்லை. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனைத் தூக்கியபோது உலகமே கூச்சலிட்டது. மறு ஆண்டே 8.1-இல் அதைத் திரும்ப வைத்தார்கள். இரண்டுமே நம் களத்தில் யாருக்கும் தெரியாது.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடும் தெரியாது. பாமினி போன்ற எழுத்துருவில் அடிக்கும்போது கணினி சேமித்து வைப்பது வெறும் ஆங்கில எழுத்துகளை; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. சர்வீஸ் தம்பி வந்து ஃபார்மட் அடித்து வின் டென் ஏற்றும்போது எழுத்துருக்களைத் தனியே எடுத்து வைக்க மறந்தால், மறுநாள் ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். மாப்பிள்ளை பெயர் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம்.

எழுத்துரு எப்படியும் கிடைத்துவிடும். பக்கத்துக் கடையில் சிடி இருக்கும். பிரிண்டர்தான் சிக்கல். களத்தில் பதிவான உரையாடல் வகை இது:

“என்ன தம்பி, பிரிண்ட் வரமாட்டேங்குது?”

“இது அறுபத்துநாலு பிட்டுண்ணே. பழைய டிரைவர் ஏறாது.”

“அறுபத்துநாலுக்குள்ள முப்பத்திரண்டு அடங்காதாப்பா?”

அண்ணனின் கணக்கில் பிழையில்லை. 32 பிட் மென்பொருளை 64 பிட் விண்டோஸ் ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளேயே போய் உட்கார வேண்டியது. அங்கே 64 பிட் டிரைவருக்குத்தான் இடம். அதை எழுத வேண்டியவர் பிரிண்டர் செய்தவர். விற்பனையை நிறுத்திய மாடலுக்கு உட்கார்ந்து டிரைவர் எழுதினால், புது பிரிண்டரை யார் வாங்குவார்கள்?

நம் கருதுகோளுக்கு இடிக்கும் சான்று ஒன்றையும் மறைக்கலாகாது. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது: வேண்டாம் என்று விட்டுவிட்ட நினைவகத்தையே மறுபடி எடுத்துப் படிக்கும். பழைய தளத்தில் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 உருவாகும்போது விளையாட்டு படுத்துவிட்டது. குற்றம் விளையாட்டினுடையது. ஆனாலும் சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே பிடுங்காதபடி விண்டோஸையே வளைத்தார்கள். மாப்பிள்ளை முறுக்குக்காக வீட்டையே இடித்துக் கட்டிய மாமனார்! அதே மாமனார்தான் 2021-இல் விண்டோஸ் 11-உடன் வந்து, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கணினி வாசற்படி ஏறக்கூடாது என்றார். சிம்சிட்டியைக் கேட்க லட்சக்கணக்கில் ஆள் இருந்தது. டிடிபி அண்ணனின் பிரிண்டரைக் கேட்க அண்ணன் ஒருவர்தான். ஆகவே கருதுகோள் நிற்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சர்வீஸ் தம்பிகள் மறுபடி கடை கடையாக ஏறுவார்கள். மேம்படுத்த நினைப்போர் பிரிண்டர் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எழுத்துருக்களைப் பென்டிரைவில் ஏற்றிய பிறகே ஃபார்மட்டுக்குத் தலையாட்டவும். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: அச்சடித்த கட்டு கைக்கு வரும்வரை கடைக்காரரிடம் “இன்னுமா எக்ஸ்பி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட வேண்டாம்.